மூன்றில் நின்ற வால்யூம்

திரையில் மூன்று என்று இருந்தது. மெக்கானிக் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். அப்போதும் மூன்றுதான். கண்ணாடியைத் துடைத்தால் எண் மாறுமா என்ன? அவருக்குக் காது மடல் இரண்டும் சூடேறின. கடையில் வேறு யாரும் இல்லை. இருந்தும் யாரோ பார்த்துவிட்டதுபோல மிஷினைத் திரை அடியில் போகும்படி மேஜைமேல் கவிழ்த்து வைத்தார்.

அது தங்கம் தேடும் மிஷின். நீளமான கம்பு, அதன் அடியில் தட்டுபோல ஒரு வட்டம், கைப்பிடிக்குப் பக்கத்தில் சின்னத் திரை. ஊருக்கு வெளியே கல்லும் சரளையுமாகக் கிடக்கும் மேட்டில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பத்துப் பேர் இதைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். தட்டு தரையை ஒட்டிப் போகும்போது ஹெட்போனில் ஒரு முனகல் விடாமல் ஓடும். மண்ணுக்குள் பொன் இருந்தால் அந்த முனகல் கொஞ்சம் ஏறி இறங்கும். பெரிய கட்டி என்றால் கத்தியே சொல்லும். மிளகு அளவுப் பொட்டு காதோடு ரகசியம் சொல்லும். அந்த ரகசியம் யாருக்குக் கேட்கிறதோ அவருக்குப் பொன், கேட்காதவருக்கு வெயில். அவ்வளவுதான் கணக்கு.

இந்த மிஷின்களில் எது பழுதானாலும் அந்தப் பத்துப் பேரும் வருவது நம் மெக்கானிக்கிடம்தான். கை சுத்தம், வேலை சுத்தம். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். வேலை செய்யும்போது பேசாவிட்டால் அவருக்கு ஸ்குரூடிரைவர் பிடிக்க வராது.

அடுத்த கடை பல் ஆஸ்பத்திரி. நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். இங்கே மிஷினுக்கு முன்னால் ஒரு மோதிரத்தைக் காட்டி, 'கீய்ய்' என்று சோதித்தால், அங்கே நாற்காலியில் படுத்திருப்பவர் துள்ளி விழுவார். ஒருநாள் பல் டாக்டர் கையுறையோடு ஓடி வந்தார். "சார், நீங்க இங்க சத்தம் விட்டா பேஷன்ட் அங்க டக்குனு வாயை மூடிடுறாரு. என் விரல் உள்ள இருக்கு சார்!"

அன்றிலிருந்து மெக்கானிக் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். இந்த மிஷினில் வால்யூம் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று வெளியே, எல்லோருக்கும் தெரிந்தது. மற்றொன்று உள்ளே, ஒரு பொத்தானை ஐந்து விநாடி விடாமல் அழுத்தினால் வரும் இரண்டாம் பக்கத்தில். சத்தம் எவ்வளவு தூரம் போகலாம் என்று அதற்கு லிமிட் போடுகிற இடம் அது. தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தாலும் வால்வைப் பாதி மூடி வைத்தால் குழாயில் நூலாகத்தானே வரும்? அதே கதைதான். வெளியே எவ்வளவு கூட்டினாலும் லிமிட்டைத் தாண்டாது. பன்னிரண்டில் இருக்க வேண்டிய அந்த லிமிட்டை, வேலைக்காக மேஜையில் தங்கும் ஒவ்வொரு மிஷினிலும் மெக்கானிக் மூன்றுக்கு இறக்கிவிடுவார். மறக்காமல் இருக்கக் கைப்பிடியில் ஒரு நீல டேப் ஒட்டி, அதில் ஆள் பெயரும் மூன்றும் எழுதுவார். திருப்பிக் கொடுக்கும்போது டேப்பைப் பிய்த்துவிட்டு லிமிட்டைப் பன்னிரண்டுக்கு ஏற்றுவார். ஆறு வருஷமாக ஒரு தடவைகூடத் தவறியதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

கவிழ்ந்து கிடந்த இந்த மிஷின் எக்ஸ்சேஞ்ச்காரருடையது.

அவர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தோரு வருஷம் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே நேரத்தில் மூன்று லைனைக் கேட்டவர். மூச்சு விடுவதை வைத்தே ஆளைச் சொல்வார் என்று பேர். ஓய்வுக்குப் பிறகு மற்றவர்கள் நடைப்பயிற்சிக்குப் போனால் இவர் மேட்டுக்குப் போனார். மிளகிலும் பாதி அளவுப் பொட்டுகளை அவர் எடுத்த இடத்தில் மற்றவர்கள் ஏற்கெனவே நடந்து போயிருப்பார்கள். "நீங்க எல்லாம் கண்ணால தேடுறீங்கப்பா," என்று சிரிப்பார். அவருக்கு இருந்த ஒரே கர்வம் அந்தக் காதுதான். வேறு எதிலும் கர்வப்படத் தெரியாத மனிதர்.

நான்கு மாதத்துக்கு முன்னால் ஒயர் அறுந்து மிஷினைக் கொண்டுவந்தார். மெக்கானிக் மாற்றிக் கொடுத்தார். அடுத்த வாரமே திரும்ப வந்துவிட்டார். "தம்பி, சத்தம் கம்மியா இருக்கு. அந்த முனகலே எனக்குச் சரியா வரல."

மெக்கானிக் பேட்டரியைப் பார்த்தார். ஸ்பீக்கரைக் கழற்றிப் பார்த்தார். ஹெட்போன் செருகும் ஓட்டையைத் துடைத்தார். வேறு ஹெட்போன் போட்டுப் பார்த்தார். புது ஒயரை மறுபடி கழற்றி, ஒவ்வொரு பின்னாகச் சோதித்தார். எல்லாம் சரியாக இருந்தன. நாலு சுவருக்குள் மூன்று வால்யூமே தாராளமாகக் கேட்டது. ஆளை நிற்க வைத்து அப்போதே பார்த்துக் கொடுக்கிற வேலை, சத்தமும் ஏற்கெனவே கம்மி என்பதால் லிமிட்டை இறக்க இரண்டாம் பக்கத்துக்கு அவர் போகவில்லை. அங்கே கை வைக்கிற ஆள் அவர் ஒருவர்தானே, அங்கே எப்படித் தப்பு வரும்?

இப்படி மூன்று தடவை நடந்தது. நான்காவதாக எக்ஸ்சேஞ்ச்காரர் கேட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பெட்ரோல் பங்க் பக்கத்து டீக்கடையில். மேட்டுக்குக் கிளம்புமுன் எல்லோரும் கூடுகிற இடம் அது. சுற்றி எட்டுப் பேர் கிளாஸோடு நின்றிருந்தார்கள். எட்டுப் பேர் இருந்தால் மெக்கானிக்கின் நாக்குக்கு எட்டுக் கால் முளைத்துவிடும்.

"அண்ணே, மிஷினை மூணு தடவை பிரிச்சுப் பாத்துட்டேன். இனிமே பிரிக்கணும்னா உங்க காதைத்தான் பிரிக்கணும்!"

சிரிப்பு கிளம்பியது. ஒருவர், "முப்பது வருஷம் ஓசியில ஊர்க்கதை கேட்ட காது, அதுவும் ரிடையர் ஆகவேணாமா?" என்றார். இன்னொருவர் கையைக் காதில் வைத்து, "ஹலோ, ஹலோ... ராங் நம்பர்!" என்றார். டீ மாஸ்டர்கூடச் சிரித்தார். எக்ஸ்சேஞ்ச்காரரும் சிரித்தார். அவர் கிளாஸில் பாதி டீ மிச்சமிருந்தது. அதைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனார்.

அன்றோடு அவருக்குப் பேர் ராங் நம்பர் ஆகிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை மனிதர் புது ஹெட்போன் ஒன்றை வாங்கிக்கொண்டு மிஷினோடு மறுபடி கடைக்கு வந்தார். இந்தத் தடவை குரலில் சண்டை இல்லை, கெஞ்சல் இருந்தது. மெக்கானிக் டாக்டர்போல நாற்காலியில் சாய்ந்துகொண்டு விளக்கினார். "வயசானா மெல்லிசு சத்தம்தாண்ணே முதல்ல போகும். பேச்சு நல்லாக் கேக்கும், ஃபோன் கேக்கும், இந்த மாதிரி கிசுகிசு கேக்காது. அதனாலதான் நமக்கே தெரியாது." எக்ஸ்சேஞ்ச்காரர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். மிஷினை எடுத்துக்கொண்டு, பஸ்ஸுக்கும் லாரிக்கும் ஒதுங்கி ரோட்டைக் கடந்து, எதிர்ப்பக்கம் நிறுத்தியிருந்த ஸ்கூட்டரில் அதைக் கட்ட ஆரம்பித்தார்.

பல் டாக்டர் வாசலில் நின்று, "என்னவாம்?" என்றார்.

"பெருசுக்கு டமாரம் கிழிஞ்சு போச்சு. ஒத்துக்க மனசு வரல," என்றார் மெக்கானிக். "இனிமே அவருக்கு மண்வெட்டிதான்."

எக்ஸ்சேஞ்ச்காரர் கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தீர்களா, என்பதுபோல மெக்கானிக் டாக்டருக்குக் கண்ணைக் காட்டினார்.

அதே வாரம் மிஷின் மச்சினன் கைக்குப் போனது. எக்ஸ்சேஞ்ச்காரர் மனைவியின் தம்பி அவன், முப்பத்தெட்டு வயசு. அதுவரை அத்தான் முன்னால் மிஷினை வீசிக்கொண்டு போவார், அவன் பின்னால் மண்வெட்டியோடு போய்த் தோண்டுவான். இப்போது அவன் முன்னால், அவர் பின்னால். இரண்டு மாதம் அப்படியே நடந்தது. ஒன்றும் கிடைக்கவில்லை.

இன்று மதியம் அந்த மச்சினன்தான் மிஷினைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான். "சத்தமே பத்த மாட்டேங்குது. மேட்டுல காத்து அடிச்சா சுத்தமா ஒண்ணும் கேக்கல. எனக்கும் காது போயிடுச்சுன்னு சொல்லாதீங்க, நல்லா இருக்கு," என்று சொல்லிவிட்டு, அரை மணியில் வருவதாகப் போனான்.

காது போச்சு என்று இரண்டு பேருக்குமே சொல்ல முடியாதே. அந்த நெருக்கடியில்தான் மெக்கானிக்கின் கட்டைவிரல் அந்தப் பொத்தானில் ஐந்து விநாடி நின்றது.

மூன்று.

மிஷினைத் திருப்பிப் போட்டு, லிமிட்டைப் பன்னிரண்டுக்கு ஏற்றினார். மோதிரத்தைக் காட்டினார். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ 'ஆ' என்று அலறினார்கள். ஒரு மனிதரின் காதைப் பிடுங்கி ஊர் சிரிக்க வைத்திருக்கிறோம், அதுவும் நம் கையால் மூடிய வால்வுக்காக. மச்சினன் வந்ததும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். உறுதியாகத்தான் முடிவு செய்தார்.

மச்சினன் வந்தான். "என்ன ஆச்சு?"

"ஸ்பீக்கர் வலையில மண்ணு அடைச்சிருந்துச்சு," என்றது மெக்கானிக்கின் வாய்.

அடுத்த சனிக்கிழமை மச்சினனுக்குப் பொன் கிடைத்தது. புளியங்கொட்டை அளவு, ஒரு பக்கம் செம்மண் ஒட்டியது. மிஷின் கை மாறுமுன் அத்தான் இரண்டு மாதமாகத் தட்டை வீசி வீசி, ஒன்றும் கேட்காமல் விட்ட அதே சரிவில். மறுநாள் டீக்கடையில் அது கைக்குக் கை மாறியது. எப்போதும் அப்படித்தான், யாருக்குக் கிடைத்தாலும் எல்லோர் உள்ளங்கையையும் ஒரு சுற்று சுற்றித்தான் சட்டைப்பைக்குப் போகும். எக்ஸ்சேஞ்ச்காரரின் கைக்கும் வந்தது. அவர் விரலால் மண்ணைத் துடைத்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுத்தார்.

"என்ன ராங் நம்பர், ஆபரேட்டரை மாத்தினதும் லைன் கிடைச்சிடுச்சு போல!" என்றான் ஒருவன்.

எல்லோரும் சிரித்தார்கள். மெக்கானிக்கும் சிரித்தார். சிரிக்காவிட்டால் ஏன் என்று கேட்பார்களோ என்ற பயம். அந்தச் சிரிப்பு தன் தொண்டையிலிருந்து வருவதை அவரே கேட்டார். இப்படி ஒரு ஆளா நான் என்று இருந்தது. அடுத்து அந்தப் பொன் தன் கைக்கு வந்தபோது அதைத் தொடாமல், மிஷின் ஒயரைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்தால் மனைவி துவைக்க உட்கார்ந்திருந்தாள். சோப்புத்தூள் பாக்கெட்டின் வாயை மடித்து ஒரு நீல டேப் ஒட்டியிருந்தது. அதில் அவர் கையெழுத்தில், 'எக்ஸ்சேஞ்ச் – 3'.

"இது எங்க கிடைச்சுது?" என்றார்.

"உங்க பேன்ட்டு பின்னாடி ஒட்டிக்கிட்டு வந்துச்சு. நாலு மாசம் இருக்கும். நல்ல டேப்பாச்சேன்னு எடுத்து வெச்சேன். ஏன், முகம் ஒரு மாதிரி இருக்கு?"

கைப்பிடியிலிருந்து விழுந்து ஸ்டூலில் கிடந்திருக்கிறது. அதன்மேலேயே உட்கார்ந்து எழுந்திருக்கிறார். நாலு மாதமாக வீட்டில் பாக்கெட் பாக்கெட்டாக மாறிக்கொண்டிருந்திருக்கிறது. அவர் குளியலறைப் படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார், ஸ்பீக்கரில் மண் என்று சொன்னதையும் சேர்த்து. அவள் நுரையோடு கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"முதல்ல செஞ்சது மறதி," என்றாள். "யாருக்கும் வரும். போன வாரம் செஞ்சதுக்கு என்ன பேருங்க?"

அவர் பாக்கெட்டிலிருந்து டேப்பைப் பிய்த்தெடுத்தார்.

"பேச வேண்டாத இடத்துல எல்லாம் பேசுவீங்க. இப்ப போய்ப் பேசுங்க," என்று வாளியைத் தள்ளிவைத்தாள்.

அன்று சாயங்காலம் எக்ஸ்சேஞ்ச்காரர் வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்த அவருடைய மனைவி உள்பக்கம் திரும்பி, "உங்களைத் தேடி வந்திருக்காங்க!" என்று போட்ட கத்தலில் மெக்கானிக்கே அரை அடி பின்னால் போனார். அந்த அம்மா மெக்கானிக்கிடம் தாழ்ந்த குரலில், "என்னப்பா பண்றது, இப்பெல்லாம் இப்படித்தான் பேச வேண்டியிருக்கு," என்றாள். அவளுக்கும் வெட்கமாக இருந்தது தெரிந்தது.

எக்ஸ்சேஞ்ச்காரர் கூடத்தில் நாற்காலியில் இருந்தார். கைக்கெட்டும் அலமாரியில் ஃபோன் அடித்துக்கொண்டிருந்தது. அவர் எடுக்கவில்லை. மனைவிதான் சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து எடுத்தாள். முப்பத்தோரு வருஷம் ஊர் ஃபோனையெல்லாம் எடுத்த மனிதர், ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மெக்கானிக் நீல டேப்பை அவர் முன்னால் வைத்தார். தலையை நிமிர்த்தாமல் சொல்லி முடித்தார். பல் ஆஸ்பத்திரி, லிமிட், மூன்று, மச்சினன், மண் அடைத்த பொய்.

எக்ஸ்சேஞ்ச்காரர் டேப்பை எடுத்துப் படித்தார். பிறகு, கம்ப்ளெயின்ட் எழுதிக்கொள்கிற ஆபரேட்டரைப் போல, "எந்த நாள்லேருந்து?" என்றார்.

"ஒயர் மாத்துன நாள்லேருந்துண்ணே."

"அப்ப அதுக்கு முந்தின நாள் வரைக்கும் கேட்டதெல்லாம் சரி."

"எப்பவுமே சரிதாண்ணே. உங்க காதுல ஒண்ணுமே இல்ல. என்னை மன்னிச்சிடுங்க."

"காதைப் பத்தி நீ எங்க வெச்சுச் சொன்னே?"

"டீக்கடையில."

"இங்க எனக்கு மட்டும் சொன்னா எப்படி? எனக்குப் பேரு வெச்சது நான் இல்லையே. சிரிச்சவங்க அங்க இருக்காங்க. அங்க வந்து சொல்லு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமைவரை இருந்த ஆறு நாள் மெக்கானிக்குக்கு ஆறு வருஷமாகப் போனது. சொல்ல வேண்டியதைக் குளிக்கும்போது சொல்லிப் பார்த்தார். வேடிக்கையாக ஆரம்பித்தால் வலி குறையும் என்று ஒரு யோசனை வந்தது. கடைப் பேர் கெட்டுவிடுமே என்றும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் காய்ச்சல் வந்தால் நன்றாயிருக்கும் என்றுகூட வந்தது. அப்படி நினைத்ததற்கே தனியாக வெட்கப்பட்டார். காய்ச்சலும் வரவில்லை.

டீக்கடையில் ஒன்பது பேர் இருந்தார்கள். மச்சினன் தோளில் மிஷின், எக்ஸ்சேஞ்ச்காரர் கையில் மண்வெட்டி. மெக்கானிக் டீ வாங்கவில்லை.

"எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க," என்றார். வேடிக்கையாக ஆரம்பிக்க நினைத்ததெல்லாம் எங்கோ போய்விட்டது. "அண்ணன் காது நல்லாத்தான் இருக்கு. மிஷினும் நல்லாத்தான் இருந்துச்சு. சத்தத்தைக் குறைச்சு வெச்சுட்டு ஏத்த மறந்தது நானு. என் தப்பை மறைக்கல, முதல்ல எனக்கே தெரியாது. ஆனா தெரிஞ்சப்புறமும் மண்ணு அடைச்சிருந்துச்சுன்னு பொய் சொன்னேன். போன வாரம் நீங்க சிரிச்சப்ப, தெரிஞ்சுக்கிட்டே நானும் சிரிச்சேன். அந்தச் சரிவுல அண்ணன் நடந்தப்ப மிஷின் கத்தியிருக்கணும். கத்தவிடாம பண்ணது என் கை."

டீ மாஸ்டர் ஆற்றிக்கொண்டிருந்த கையை அப்படியே நிறுத்தினார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். காதில் கைவைத்து ஹலோ சொன்னவர் கிளாஸுக்குள் எதையோ தேடினார். மச்சினன் முகம் சிவந்து, தோளிலிருந்து மிஷினைக் கழற்றி நீட்டினான். "அத்தான், இதைப் பிடிங்க. மண்வெட்டியை இப்படிக் குடுங்க."

எக்ஸ்சேஞ்ச்காரர் மிஷினை வாங்கினார். ஹெட்போனைக் கழுத்தில் மாட்டினார். சுவிட்சைப் போட்டதும் முனகல் எழுந்தது, பெட்ரோல் பங்க் இரைச்சலுக்குள்ளும் மெக்கானிக்குக்கே கேட்கும் அளவுக்கு. அவர் அதைக் கொஞ்சம் குறைத்தார். பிறகு மெக்கானிக்கின் பக்கத்தில் வந்து நின்றார்.

"அன்னிக்குச் செவ்வாய்க்கிழமை," என்றார். "டமாரம் கிழிஞ்சு போச்சு, இனிமே மண்வெட்டிதான்னு டாக்டர்கிட்ட சொன்னியே."

மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார். "அண்ணே..."

"ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னேன். நடுவுல ரெண்டு லாரி போச்சு, ஒரு பஸ்ஸு போச்சு. ஒரு எழுத்து விடாம கேட்டுச்சு தம்பி. கேட்டுக்கிட்டே முடிச்சைப் போட்டேன். வீட்டுக்குப் போய் மிஷினை அவன்கிட்ட குடுத்தேன். அவ்வளவு தெளிவாக் கேட்டும், உன் பேச்சை நம்பினேனே தவிர என் காதை நம்பல."

வேறு யாருக்கும் எட்டாதபடி மெதுவாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு ஹெட்போனைக் காதில் ஏற்றிக்கொண்டு, மச்சினன் பின்னால் வர, மேட்டைப் பார்த்து நடந்தார். மெக்கானிக் டீக்கடை வாசலிலேயே நின்றார்.